வயதான நாய்க்கு இதயப்புழு: என்ன செய்வது என்று முடிவெடுக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் ஜூலிக்கு 11 வயதில் இருமல் வந்தது. நாள் முழுக்க இல்லை. விடிகாலையில் பால்காரர் கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டதும் எழுந்து, வாலை ஆட்டிக்கொண்டே இரண்டு தடவை இருமுவாள், தொண்டையில் சோற்றுப் பருக்கை மாட்டிக்கொண்ட மாதிரி. மார்கழிப் பனிதான் காரணம் என்று விட்டுவிட்டோம். மாசி வந்தும் இருமல் நிற்கவில்லை. மாடிப்படியில் பாதி ஏறி, நின்று, எங்களைத் திரும்பிப் பார்க்க ஆரம்பித்தாள். அப்போதுதான் பயம் வந்தது. பிறகு தெரிந்தது, அது இதயப்புழு: கொசு பரப்பும், இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் ரத்தக்குழாய்களில் வாழும் புழு.

என் அண்ணன் ரயில்வேயில் வேலை பார்ப்பவன். கௌஹாத்தியில் பல வருடம் இருந்துவிட்டு பெரம்பூருக்கு மாற்றலாகி வந்தபோது, அங்கே குவார்ட்டர்ஸில் வளர்த்த ஜூலியையும் ரயிலில் கூட்டி வந்திருந்தான். வந்து 2 வருடம் ஆகியிருந்தது. பிற்பாடு வேப்பேரியில் பார்த்த டாக்டர் கேட்ட முதல் கேள்வியே, "இந்த நாய் வேற ஊர்ல இருந்துச்சா?" என்பதுதான். ஏன் அப்படிக் கேட்டார் என்பது கீழே வரும்.

மருந்தை மருத்துவர்தான் எழுத வேண்டும். ஆனால் எவ்வளவு தூரம் சிகிச்சைக்குப் போவது, எந்த வழியில் போவது என்பதை அவரோடு சேர்ந்து நீங்களும்தான் முடிவெடுக்கப் போகிறீர்கள். "வயசாயிடுச்சு, விட்டுடுங்க" என்று ஒரு பக்கமும், "எப்படியாவது காப்பாத்துங்க" என்று இன்னொரு பக்கமும் வீட்டிலேயே குரல்கள் கேட்கும். இரண்டு பேச்சும் அன்பிலிருந்து வருவதுதான். ஆனால் வயதை மட்டும் வைத்து இந்த முடிவை எடுக்காதீர்கள். வேறு சில விஷயங்களைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

படி 1: இன்றே ஓட வேண்டிய நிலையா என்று பாருங்கள்

ஈறு வெளுத்துப்போயிருக்கிறதா? படுத்திருக்கும்போதே மூச்சு வாங்குகிறதா? எழுந்தால் தள்ளாடி விழுகிறதா? சிறுநீர் காபி டிகாக்ஷன் நிறத்தில் போகிறதா? இருமலில் ரத்தம் தெரிகிறதா? இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு படித்துக்கொண்டிருக்க வேண்டாம், ஆட்டோ பிடித்துக் கிளம்புங்கள். நாயை நடக்க விடாமல் தூக்கி ஏற்றுங்கள்.

டிகாக்ஷன் நிறச் சிறுநீரும் திடீர் மயக்கமும் சேர்ந்து வந்தால், புழுக்கள் கூட்டமாக இதயத்துக்குள்ளேயே இறங்கி ரத்த ஓட்டத்தை மறித்துவிட்டன என்று அர்த்தமாக இருக்கலாம். அந்த நிலையில் கழுத்து ரத்தக்குழாய் வழியாகக் கருவியை விட்டுப் புழுக்களை வெளியே எடுப்பதுதான் வழி. எல்லா இடத்திலும் செய்யக்கூடிய வேலையில்லை இது.

இந்த அறிகுறிகள் எதுவும் இல்லையென்றால் உங்களுக்கு அவகாசம் இருக்கிறது. இந்த நோய் மாதக்கணக்கில் வளர்ந்தது, யோசிக்க ஒரு வாரம் எடுத்துக்கொண்டால் ஒன்றும் கெட்டுவிடாது. முதல் நாளே எதற்கும் தலையாட்டிவிடாதீர்கள்.

படி 2: நிஜமாகவே இதயப்புழுதானா?

சென்னையில் இருப்பவர்கள் அவசரமாகத் தாண்டிப்போகக் கூடாத படி இதுதான்.

நாங்கள் முதலில் போன கிளினிக்கில் ஒரு சொட்டு ரத்தம் எடுத்து மைக்ரோஸ்கோப்பில் வைத்தார்கள். குட்டிப் புழுக்கள் நெளிவது தெரிந்தது. "ஹார்ட் வோர்ம், இப்பவே ஒரு ஊசி போட்டுடலாம்" என்று ஐவர்மெக்டின் என்ற புழு மருந்தைச் சிரிஞ்சில் ஏற்றிவிட்டார்கள். அண்ணன்தான் "ஒரு நாள் யோசிச்சுட்டு வரோம்" என்று தடுத்தான். அந்த ஒரு நாள் எவ்வளவு பெரிய விஷயம் என்று பிறகுதான் புரிந்தது.

நாயின் ரத்தத்தில் நெளியும் குட்டிப் புழு எல்லாம் இதயப்புழுவின் குட்டி இல்லை. தென்னிந்தியாவில் பரவலாக இருப்பது டைரோஃபைலேரியா ரெபென்ஸ் என்ற வேறு ஒரு புழு. இதன் தாய்ப்புழு தோலுக்கு அடியில் வாழ்கிறது. சில நாய்களுக்குக் கட்டியோ அரிப்போ வரும், பல நாய்களுக்கு ஒன்றுமே தெரியாது. இதயத்தைத் தாக்குவது அதன் உறவான டைரோஃபைலேரியா இமிடிஸ். வடகிழக்கு மாநிலங்களில் இது அதிகம். டாக்டர் ஊரைக் கேட்டதன் காரணம் இதுதான். இரண்டையும் கொசுதான் பரப்புகிறது, இரண்டும் ரத்தத்தில் குட்டிகளை விடுகின்றன. மைக்ரோஸ்கோப்பில் மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்று போலவே இருக்கும்.

ஆகவே கேட்க வேண்டிய சோதனை ஆன்டிஜென் டெஸ்ட். வளர்ந்த பெண் இதயப்புழு ரத்தத்தில் விடும் ஒரு புரதத்தை இது கண்டுபிடிக்கிறது. சில சொட்டு ரத்தம், சுமார் 10 நிமிடம், கர்ப்பப் பரிசோதனை அட்டை மாதிரிக் கோடு விழும். பல கிட்களில் உண்ணிக் காய்ச்சலுக்கான சோதனையும் சேர்ந்தே வருகிறது. சென்னை நாய்களுக்கு உண்ணிக் காய்ச்சல் சர்வ சாதாரணம் என்பதால் அதுவும் நல்லதுதான். கொசு கடித்து 6 மாதம் வரை இந்தச் சோதனையில் எதுவும் தெரியாது. ஆண் புழு மட்டும் இருந்தாலும் தெரியாது. பாசிட்டிவ் வந்தால் வேறு கிட்டிலோ லேபிலோ இன்னொரு முறை பார்த்து உறுதிசெய்யச் சொல்லுங்கள். பல மாதம் பெரிய மருந்து கொடுக்கப் போகிறோம், இரண்டாவது சோதனைக்கு ஆகும் செலவு வீணில்லை.

அடுத்தது எக்கோ, அதாவது இதயத்துக்கு எடுக்கும் ஸ்கேன். ஜூலியின் எக்கோவை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். இதயத்திலிருந்து நுரையீரலுக்குப் போகும் குழாயில், சமக்குறி போட்ட மாதிரி இரண்டு சின்ன வெள்ளைக் கோடுகள் மினுங்கின. ஒவ்வொரு துடிப்புக்கும் அவை ஆடின. "அதுதாம்மா புழு, அதோட ரெண்டு பக்கச் சுவர்தான் கோடாத் தெரியுது" என்றார் டாக்டர். அதற்கு மேல் எனக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எங்கே போவது? தனியார் மருத்துவமனைகள் நிறைய வந்துவிட்டன. ஆனால் வேப்பேரியில் இருக்கும் சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை மறந்துவிடாதீர்கள். 1903இல் தொடங்கிய கல்லூரி. கூட்டம் இருக்கும், காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள். வயதான நாய் என்றால் ஒரு பழைய போர்வையும் தண்ணீர்க் கிண்ணமும் கையோடு இருக்கட்டும். பழைய ரிப்போர்ட்டுகளை ஒரே ஃபைலில் போட்டுக்கொள்ளுங்கள்.

படி 3: எவ்வளவு முற்றியிருக்கிறது?

இதயப்புழு என்று பேர் இருந்தாலும், அது பெரும்பாலும் குடியிருப்பது நுரையீரலுக்கு ரத்தம் கொண்டுபோகும் தமனிகளில். பெண் புழு ஓர் அடி நீளம் வரை வளரும், வேகவைத்த சேமியா மாதிரி இருக்கும். 5 முதல் 7 வருடம் உயிரோடு இருக்கும். அது உரசி உரசித் தமனியின் உட்சுவர் தடித்துச் சுருங்குகிறது. சுருங்கிய குழாயில் ரத்தத்தைத் தள்ள வேண்டியிருப்பதால் இதயத்தின் வலப்பக்கம் வீங்குகிறது.

மருத்துவர்கள் இதை 4 நிலையாகப் பிரிப்பார்கள். முதல் நிலையில் அறிகுறியே இருக்காது, இருந்தாலும் எப்போதாவது ஓர் இருமல். இரண்டாம் நிலையில் இருமல் தெளிவாகத் தெரியும், கொஞ்ச தூரம் நடந்தால் களைப்பு வரும். மூன்றாவதில் உடம்பு இளைக்கும், இருமல் ஓயாது, மூச்சு வாங்கும், வயிற்றில் நீர் கோக்கும். நான்காவதுதான் மேலே சொன்ன டிகாக்ஷன் நிறச் சிறுநீர். எக்ஸ்ரேயும் எக்கோவும் பார்த்துவிட்டு "எத்தனாவது நிலை, டாக்டர்?" என்று நேராகக் கேளுங்கள். ஜூலி இரண்டாம் நிலை.

வயதான நாயின் இருமலுக்கு வேறு காரணமும் கூடவே இருக்கலாம் என்பதை மறக்க வேண்டாம். பொமரேனியன், பக் போன்ற சின்ன நாய்களுக்கு வயதானால் இதய வால்வு கெடுவதும் மூச்சுக்குழாய் தளர்வதும் சகஜம். புழுவுக்கு மட்டும் மருந்து கொடுத்துவிட்டு, "ஏன் இன்னும் இருமுது?" என்று தவிக்கக் கூடாது.

படி 4: வயதை விட்டுவிட்டு உறுப்புகளைப் பாருங்கள்

11 வயதில் சிறுநீரகமும் கல்லீரலும் நன்றாக இருக்கும் நாயும் உண்டு, 8 வயதிலேயே இரண்டும் தேய்ந்த நாயும் உண்டு. முழு ரத்த எண்ணிக்கை, தட்டணு, கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டும் அளவு), கல்லீரல் என்சைம், சிறுநீரில் புரதம் இவை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். சிறுநீர்ச் சோதனையைப் பலர் விட்டுவிடுகிறார்கள். இதயப்புழுவே சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடியது, அதனால் இதை விடக் கூடாது. காலையில் முதல் சிறுநீரை ஒரு சுத்தமான கரண்டியில் பிடித்துச் சின்ன பாட்டிலில் ஊற்றிக்கொண்டு போங்கள். ஜூலிக்கு நான் பருப்புக் கரண்டியைத்தான் நீட்டினேன். அந்தக் கரண்டி பிறகு அவளுக்கே ஆகிவிட்டது.

அப்புறம் ஒரு கணக்கு. புழுவுக்கு இன்னும் எத்தனை வருடம் இருக்கிறது, நாய்க்கு எத்தனை வருடம்? ஜூலியைக் கடைசியாகக் கடித்த கொசு அஸ்ஸாம் கொசு என்றே வைத்துக்கொண்டாலும், புழு இன்னும் 3, 4 வருடம் உள்ளே இருக்கும். நாட்டு நாயான அவளும் அதே அளவு வாழக்கூடியவள். புழு தானாகச் சாகட்டும் என்று விட்டால், அவள் மிச்ச வாழ்நாள் முழுக்க அது தமனியைக் கெடுத்துக்கொண்டே இருக்கும். ஆகவே சும்மா விடுவது எங்களுக்குச் சரியாகப் படவில்லை. இதுவே 14 வயது லாப்ரடார், சிறுநீரகம் பாதி போய்விட்டது, புழுவால் அறிகுறி ஒன்றும் இல்லை என்றால் கணக்கு வேறு. அங்கே புழுவைத் துரத்துவதை விட, இருக்கும் நாட்களை நோவில்லாமல் கழிக்க வைப்பதுதான் நியாயம் என்று நான் நினைக்கிறேன்.

படி 5: மூன்று வழிகள்

முதல் வழி, மெலார்சோமின் ஊசி. ஆர்சனிக் சேர்ந்த மருந்து. வளர்ந்த புழுவை நேரடியாகக் கொல்வது இதுதான். அமெரிக்க இதயப்புழுச் சங்கம் பரிந்துரைக்கும் முறையில், நோய் உறுதியானதும் ஒரு மாதம் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக், கூடவே மாதம் ஒரு தடுப்பு மருந்து. 60ஆம் நாள் முதல் ஊசி. 90, 91ஆம் நாட்களில் அடுத்த இரண்டு ஊசிகள். முதுகுத் தசையில் ஆழமாகப் போடுவார்கள், வலிக்கும். மூன்று ஊசியும் முடிந்தால் கிட்டத்தட்ட எல்லாப் புழுவும் செத்துவிடும். ஆபத்தும் அதில்தான் இருக்கிறது. செத்த புழு உடைந்து துண்டு துண்டாக நுரையீரலின் சின்னக் குழாய்களில் அடைக்கும். ஊசி போட்ட பிறகு 7 முதல் 10 நாளில் இது அதிகம் வரும், 4 வாரம் வரைகூட வரலாம். இன்னொரு விஷயம், இது நம்மூர் மருந்துக் கடையில் கேட்டு வாங்கிவிடக்கூடிய மருந்து இல்லை. வரவழைக்க முடியுமா, எத்தனை நாளாகும், எவ்வளவு ஆகும் என்பதை முதல் சந்திப்பிலேயே கேட்டுவிடுங்கள்.

இரண்டாம் வழி மெதுவானது. ஒரு மாதம் டாக்சிசைக்ளின் மாத்திரை, கூடவே மாதா மாதம் மாக்ஸிடெக்டின் சேர்ந்த சொட்டு மருந்து பிடரித் தோலில். புழுவின் உடம்புக்குள்ளேயே வோல்பாக்கியா என்று ஒரு பாக்டீரியா குடியிருக்கிறது, அது இல்லாமல் புழுவால் நன்றாக வாழ முடியாது. டாக்சிசைக்ளின் அந்த பாக்டீரியாவைக் கொல்கிறது. பலவீனமான புழுவை மாக்ஸிடெக்டின் கொஞ்சம் கொஞ்சமாக முடிக்கிறது. ஒரு வருடம், சில நாய்களுக்கு இரண்டு வருடம்கூட ஆகும். அதுவரை தமனிக்குச் சேதம் தொடரும், ஓய்வும் தொடர வேண்டும். மெலார்சோமின் கிடைக்காத இடத்திலும், அந்த ஊசியைத் தாங்காது என்று மருத்துவர் நினைக்கும் நாய்க்கும் இந்த வழியில் போகிறார்கள். ஜூலியின் கிரியேட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. டாக்டரும் நாங்களும் இந்த வழியைத்தான் எடுத்தோம்.

மூன்றாம் வழி, புழுவை விட்டுவிட்டு நாயைப் பார்த்துக்கொள்வது. மூச்சு வாங்கினால் ஃபுரோஸமைட், நுரையீரல் அழுத்தத்துக்கு சில்டனாஃபில், தேவைப்பட்டால் இதயத்துக்கு பிமோபென்டன், இருமலுக்கு ஸ்டீராய்டு. புதுப் புழு சேராமல் மாதத் தடுப்பு. இதைக் கைவிடுவது என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இதுவும் தினமும் மருந்து கொடுத்துச் செய்யும் கவனிப்புதான்.

இன்னும் சிலது காதில் விழும். 3 மாதத்துக்கு ஒரு தடவை கொடுக்கும் குடற்புழு மாத்திரை இதயப்புழுவை ஒன்றும் செய்யாது. பப்பாளி விதை, வேப்பிலைக் கொழுந்து எதுவும் தமனிக்குள் இருக்கும் புழுவைக் கொல்லாது. பூண்டு நாயின் ரத்தச் சிவப்பணுவைக் கெடுக்கும். எல்லாவற்றையும் விட ஆபத்தானது, மெடிக்கலில் வாங்கிய ஐவர்மெக்டின் மாத்திரையைத் தானாகக் கொடுப்பது. தடுப்புக்கான அளவு ஒரு கிலோவுக்கு 6 மைக்ரோகிராம். 20 கிலோ நாய்க்கு 0.12 மில்லிகிராம் ஆகிறது. மனிதர்களுக்கான 12 மில்லிகிராம் மாத்திரை அதைப் போல 100 மடங்கு. ரத்தம் நிறையக் குட்டிப் புழு இருக்கும் நாய்க்கு இப்படிக் கொடுத்தால், அவை ஒரேயடியாகச் செத்து நாய் அதிர்ச்சியில் விழலாம். கோலி வகை நாய்களுக்கு இந்த மருந்து மூளைக்கே ஏறிவிடும். முதல் கிளினிக்கில் அந்த ஊசி போடாமல் வந்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நிம்மதிப் பெருமூச்சு வருகிறது.

படி 6: வீட்டில் உட்கார்ந்து பேசுங்கள்

சோதனை, எக்கோ, மருந்து, மறுசோதனை என்று மொத்தமாக எவ்வளவு வரும் என்று எழுதி வாங்குங்கள். எதை இன்றே செய்ய வேண்டும், எதைத் தள்ளிப்போடலாம் என்றும் கேளுங்கள். காசைப் பற்றிக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். நடுவில் நிறுத்தும் பெரிய சிகிச்சையை விட, கடைசி வரை கொண்டுபோகும் சின்னச் சிகிச்சை நாய்க்கு நல்லது.

பகலில் யார் இருப்பார்கள்? மாத்திரையை யார் கொடுப்பது? மூன்றாம் மாடி, லிஃப்ட் இல்லை என்றால் தினம் யார் தூக்குவது? எங்கள் வீட்டில் அம்மாதான் பகலில். "20 கிலோவ நான் தூக்க முடியாதுடா" என்று முதலிலேயே சொல்லிவிட்டார். ஜூலியின் படுக்கை கீழ் வராந்தாவுக்கு வந்தது அப்படித்தான்.

நாள் பார்ப்பதும் முக்கியம். ஊசி வழியில் போகிறீர்கள் என்றால், ஊசி போட்ட வாரங்கள் தீபாவளியில் விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சரவெடிக்குப் பயந்து ஓடும் நாய்க்கு அந்தச் சமயத்தில் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை. அக்னி நட்சத்திரமும் வேண்டாம். ஆவணியில் தொடங்கும்படி கணக்குப் போட்டால், 60 நாள் கழித்து முதல் ஊசி சரியாக ஐப்பசியில் வந்து நிற்கும். ஆகவே தொடங்கும் தேதியை விட்டு, ஊசித் தேதியிலிருந்து பின்னால் எண்ணுங்கள்.

படி 7: மாத்திரை மாதம்

டாக்சிசைக்ளின் வழக்கமான அளவு ஒரு கிலோவுக்கு 10 மில்லிகிராம், நாளுக்கு இரண்டு வேளை, 28 நாள். 20 கிலோ ஜூலிக்கு 100 மில்லிகிராம் மாத்திரை வேளைக்கு 2, ஆக மொத்தம் 112 மாத்திரை. ஒரேயடியாக வாங்கி வைத்துவிட்டோம். வெறும் வயிற்றில் கொடுத்தால் வாந்தி வரும். தொண்டையில் ஒட்டிக்கொண்டால் புண்ணாகும், அதனால் கொடுத்த பிறகு தண்ணீர் குடிக்க வையுங்கள்.

சென்னை நாய்களின் சிக்கல் ஒன்று உண்டு, தயிர்சாதம். பால், தயிரில் இருக்கும் கால்சியம் இந்த மருந்து உடம்பில் சேர்வதைக் குறைக்கும். ஜூலி 11 வருடமாகத் தயிர்சாதத்தில்தான் வளர்ந்தவள், மாத்திரையும் தயிர்சாத உருண்டைக்குள்தான் போகும். அதை நிறுத்திவிட்டு வேகவைத்த கோழி ஈரலில் ஒளித்துக் கொடுத்தோம். முதல் நாள் ஈரலை மட்டும் தின்றுவிட்டு, இரண்டு மாத்திரையையும் தட்டின் ஓரத்தில் சுத்தமாக வைத்துவிட்டுப் போனாள். பிறகு முதலில் ஒரு வெறும் உருண்டை, அடுத்து மாத்திரை உருண்டை, உடனே இன்னொரு வெறும் உருண்டை என்று வரிசையாக நீட்டினோம். மூன்றாவதின் அவசரத்தில் இரண்டாவதை விழுங்கிவிடுவாள்.

மாத்திரையால் சாப்பாடே நின்றுவிட்டால் நீங்களாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவைக் குறைக்கலாம், மினோசைக்ளினுக்கு மாற்றலாம். ஸ்டீராய்டு கொடுக்கும் நாட்களில் தண்ணீர் நிறையக் குடிக்கும், வீட்டுக்குள்ளேயே சிறுநீர் கழித்துவிடும். திட்டாதீர்கள், ராத்திரி ஒரு தடவை எழுந்து வெளியே விடுங்கள். ஸ்டீராய்டைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. மூட்டு வலிக்காக ஏற்கெனவே வலி மாத்திரை ஓடிக்கொண்டிருந்தால் அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள், இரண்டும் சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரும். ஆஸ்பிரின், இபுபுரூஃபென் எதுவும் நீங்களாகக் கொடுக்க வேண்டாம்.

சொட்டு மருந்தை நாய் நக்க முடியாத பிடரியில், மயிரை விலக்கித் தோலிலேயே விடுங்கள். காயும் வரை பிள்ளைகளும் மற்ற நாய்களும் தொடக் கூடாது.

படி 8: ஓய்வுதான் பாதி சிகிச்சை

எந்த வழியில் போனாலும், நாய் ஓடினால் இதயம் வேகமாகத் தள்ளும், செத்த புழுத் துண்டுகள் இன்னும் உள்ளே போய் அடைக்கும். ஊசி முறையில் நோய் உறுதியான நாளிலிருந்தே ஓய்வைத் தொடங்கி, கடைசி ஊசிக்குப் பிறகும் 6 முதல் 8 வாரம் வரை விடக் கூடாது. வயதான நாயிடம் நமக்கு ஒரு சௌகரியம், அது பாதி நாள் தூங்கத்தான் போகிறது.

காலிங் பெல் சுவிட்சை அணைத்துவிட்டு "கதவைத் தட்டவும்" என்று ஒட்டினோம். தெருநாய்கள் தெரியும் கேட்டுப் பக்கம் ஒரு பழைய புடவையைக் கட்டினோம். கயிற்றோடு 5 நிமிடம், காலை 6 மணிக்கும் இரவு 9 மணிக்கும், வெயிலும் கூட்டமும் இல்லாத நேரத்தில். மாடிப்படிக்குக் குறுக்கே துணி காய வைக்கும் ஸ்டாண்டு. அண்ணன் வேலை முடிந்து வரும்போது துள்ளிக் குதிப்பாள் என்பதால், அவன் பின் கதவு வழியாக வந்து அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்துவிடுவான். அவளுக்குத் துள்ள வேண்டிய தேவையே இருக்காது.

படி 9: ஒரு நோட்டு போடுங்கள்

தினமும் நாய் அயர்ந்து தூங்கும்போது 30 விநாடியில் நெஞ்சு எத்தனை தடவை ஏறி இறங்குகிறது என்று எண்ணி இரண்டால் பெருக்குங்கள். நிமிடத்துக்கு 30க்குக் கீழே இருக்க வேண்டும். இரண்டு மூன்று நாள் தொடர்ந்து 30ஐத் தாண்டினால் போன் செய்யுங்கள். 40ஐத் தாண்டினால் கிளம்புங்கள். மே மாத மத்தியானத்தில் நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்போது எண்ணிப் பயப்பட வேண்டாம், இரவில் ஃபேன் அடியில் தூங்கும்போது எண்ணுங்கள். எடை, இருமல், சாப்பாடு, ஈறின் நிறம் ஆகியவற்றையும் அதே நோட்டில் ஒரு வரி எழுதுங்கள். மருத்துவரிடம் "கொஞ்சம் பரவாயில்ல" என்று சொல்வதை விட அந்த நோட்டை நீட்டுவது பல மடங்கு பயன்.

மறுசோதனை: ஊசி முறையில் கடைசி ஊசிக்கு 9 மாதம் கழித்து ஆன்டிஜென் டெஸ்ட். மெதுவான முறையில் 6 மாதத்துக்கு ஒரு தடவை. 6 மாத இடைவெளியில் இரண்டு முறை அடுத்தடுத்து நெகட்டிவ் வந்தால்தான் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளலாம். ஜூலிக்கு 6ஆம் மாதம் பாசிட்டிவ். வீட்டில் எல்லோருக்கும் முகம் விழுந்துவிட்டது. 12ஆம் மாதம் நெகட்டிவ். 18ஆம் மாதமும் நெகட்டிவ்.

படி 10: போதும் என்று சொல்ல வேண்டி வந்தால்

சிகிச்சை தொடங்கும் அன்றே, மனசு தெளிவாக இருக்கும்போதே எழுதி வையுங்கள், இந்த நாய்க்குப் பிடித்த 4 விஷயம் என்ன என்று. ஜூலிக்கு: பால்காரர் வந்தால் எழுவது, அம்மாவின் காலடியில் படுப்பது, ஈரல், மழைக்கு முன்னால் வராந்தாவில் நின்று காற்றை முகர்வது. காலண்டரில் நல்ல நாளுக்கு ஒரு புள்ளி, கெட்ட நாளுக்கு ஒரு கோடு. புழு போன பிறகும் அவள் சிறுநீரகம் தேய்ந்துகொண்டேதான் வந்தது. 13 வயது தாண்டி ஒரு கார்த்திகை மாதம், தொடர்ந்து 9 கோடு. பால்காரர் வந்தார், அவள் காதை மட்டும் அசைத்தாள். அன்று டாக்டரை வீட்டுக்கு வரச் சொன்னோம். முதலில் மயக்க ஊசி, அயர்ந்த பிறகுதான் அடுத்தது. அம்மாவின் காலடியிலேயே தலையை வைத்திருந்தாள்.

உடம்பை எங்கே அடக்கம் செய்வது, தகனத்துக்கு யாரைக் கூப்பிடுவது என்பதை முன்பே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அந்த நேரத்தில் போனில் தேடுவது மிகக் கஷ்டம்.

படி 11: வீட்டில் இன்னொரு நாய் இருந்தால்

இந்த நோய் நாயிடமிருந்து நாய்க்கு நேராக ஒட்டாது, நக்கினாலும் ஒரே தட்டில் தின்றாலும் வராது. நடுவில் கொசு வேண்டும். கொசுவுக்குள் குட்டிப் புழு வளர சராசரி வெப்பம் 14 டிகிரிக்கு மேல் இருந்தால் போதும். சென்னையில் அதற்குக் கீழே போகும் மாதமே கிடையாது, ஆகவே தடுப்பு மருந்து 12 மாதமும் வேண்டும். எங்கள் வீட்டுக்குக் கொஞ்ச தூரத்தில் ஓட்டேரி நல்லா என்ற கால்வாய் ஓடுகிறது. சாக்கடைத் தண்ணீரில் வளரும் கியூலெக்ஸ் கொசு, யானைக்கால் நோயைப் பரப்பும் அதே கொசு, இந்தப் புழுவையும் பரப்பக்கூடியது. பூந்தொட்டித் தட்டு, மூடாத தொட்டி, ஏசித் தண்ணீர் பிடிக்கும் வாளி இவற்றை வாரம் ஒரு தடவை கொட்டிக் கவிழ்த்தால் ஏடிஸ் கொசு குறையும். சாயங்காலம் 6 மணிக்கு நாயை உள்ளே கூப்பிட்டுவிட்டு, படுக்கைக்கு மேல் குழந்தைகளுக்கான குடைக் கொசுவலையைக் கவிழ்த்துவிடுங்கள்.

தடுப்பு மருந்தைத் தொடங்கும் முன் மற்ற நாய்க்கும் ஆன்டிஜென் டெஸ்ட் எடுங்கள், 6 மாதம் கழித்து இன்னொன்று. எங்கள் மணிக்கு இரண்டும் நெகட்டிவ். இப்போது ஒவ்வொரு மாதமும் 5ஆம் தேதி அவனுக்கு மாத்திரை. சமையலறை நாள்காட்டியில் அந்தத் தாளின் மூலையில் அம்மா முன்கூட்டியே ஒரு "ம" போட்டு வைத்துவிடுவார், ஈரலும் அன்று மட்டும்தான்.